பொறுப்பாளர்: குலசேகர்

இன்னொரு கம்ப்யூட்டர் சர்வரை அணைத்துவிட்டு குலசேகர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜன்னலோரத்திலிருந்து அலறல் வந்தது.

"யாருப்பா கைய வச்சது? எங்க டெஸ்டிங் மொத்தமும் படுத்துருச்சு!"

அப்பாடா.

அலறியவன் ரெஜினால்டு. பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை அழித்துவிட்டு அவன் பெயரைப் போட்டார். சர்வருக்கு மறுபடி உயிர் கொடுத்தார். சுவரில் இருந்த பெரிய திரையில் அவர் பெயர் போட்ட ஒரு கட்டம் அவர் தலையிலிருந்து இறங்கியது.

யார் அலறுகிறார்களோ, சர்வர் அவர்களுடையது. யாரும் அலறாவிட்டால் யாருக்கும் வேண்டாதது. அழித்துவிடலாம்.

காலையிலிருந்து இதே பிழைப்பு.

இன்று அவருக்கு ஆபீஸில் கடைசி நாள். ஆறு மணிக்குள் திரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இருக்கக் கூடாது. இருந்தால் ரிலீவிங் லெட்டர் கிடையாது. வீட்டுக்குப் போகலாம், வேலையை விட்டுப் போக முடியாது.

ராஜினாமாவில் காரணம் கேட்டிருந்தார்கள். "தூக்கம்" என்று எழுதியிருந்தார்.

அது எந்தக் கம்பெனி என்று கேட்டார் ஹெச்.ஆர். மங்கையர்க்கரசி.

எல்லாம் அந்தத் திரை வந்த பிறகுதான்.

கம்பெனியின் சர்வர்கள் கம்பெனியில் இல்லை. கிளவுடில், கண் காணாத எங்கோ வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. எது எதற்காக ஓடுகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மேனேஜர் சபரீஷுக்கு மட்டும் அந்த நிம்மதி பொறுக்கவில்லை. கிளவுடைக் கொண்டுவந்து டாஷ்போர்டு என்ற அந்தச் சுவர்த் திரையில் இணைத்தார். ஒரு சர்வருக்கு ஒரு கட்டம். உழைத்தால் பச்சை, தூங்கினால் சாம்பல். அடியில் பொறுப்பாளர் பெயர்.

"இனிமே எல்லாமே பளிச்னு தெரியும்" என்று ரிப்பன் வெட்டினார்.

தெரிந்தது.

குலசேகர். குலசேகர். குலசேகர். குலசேகர்.

அந்த ஆபீஸில் அப்படி ஒரு வழக்கம். வேலையை விட்டுப் போகிறவர்கள் ஒரு கையால் கேக் தின்றுகொண்டே மறு கையால் தங்கள் சர்வர்களை இவர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். 'அவர் எங்க போகப் போறாரு' என்பதுதான் காரணம். நியாயமான காரணம். அவரும் எங்கும் போகவில்லை.

வெளிநாட்டிலிருந்து திரையைப் பார்த்த தலைமை, குலசேகர் என்பது ஒரு துறை என்று நினைத்துவிட்டது. அந்தத் துறையில் ஆள் அதிகமோ, பாதியாகக் குறைக்கலாமா என்று மெயில் வந்தது.

அவருக்கும் சம்மதம்தான்.

ஒரு கட்டம் சாம்பலானால் போதும், அவர் போன் அடிக்கும். குளிக்கும்போது அடிக்கும். ஒரு கல்யாணத்தில், கையில் அட்சதையோடு நின்றபடி போனில் பாஸ்வேர்டு சொன்னார். ஐயர் சொல்கிறார் என்று நினைத்து மாப்பிள்ளை அதைப் பயபக்தியோடு திருப்பிச் சொன்னான். இன்றைக்கும் நன்றாகத்தான் குடித்தனம் நடத்துகிறான்.

சர்வர் தூங்கலாம். அதற்குச் சாம்பல் நிறம் இருக்கிறது. இவருக்கு ஒன்றும் இல்லை.

அலறினால் சர்வர் தலையில் விழும் என்ற விஷயம் மத்தியானத்துக்குள் கசிந்துவிட்டது.

அதன் பிறகு ஒருவரும் அலறவில்லை. தங்கள் கம்ப்யூட்டர் உறைந்து நின்றாலும் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நிவேதிதா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். கேன்டீனில் ஒருவன் கொதிக்கும் டீயைத் தொடையில் கொட்டிக்கொண்டு, புன்னகையோடு நின்றான்.

பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அழித்தார்.

ஒன்று. இன்னொன்று. மற்றொன்று.

திரையில் ஒரே ஒரு குலசேகர் மிச்சம்.

மூலையில், பச்சையில்.

எதற்கு என்று எழுதியிருக்கவில்லை. யாருடையது என்று கேட்க ஆளில்லை.

அணைத்தார்.

சுவரில் இருந்த பெரிய திரை இருண்டது.

டாஷ்போர்டும் ஒரு சர்வரில்தான் ஓட வேண்டும். அதைக் கட்டியவனும் போன மாதம் கேக் தின்றுவிட்டுத்தான் போனான்.

யாராவது அலறட்டும் என்று காத்திருந்தார்.

சபரீஷ் வந்தார். கரிய திரையின் முன் நின்றார். அதில் தலையைக் கோதிக்கொண்டு, காலரைச் சரிசெய்துகொண்டு, போய்விட்டார்.

ஒருவரும் நிமிரவில்லை.

போனில் மங்கையர்க்கரசி. குரலோடு கைப்பையின் ஜிப் சத்தம்.

"சார், போர்டுல உங்க பேர் இல்லன்னு ஒரு போட்டோ மட்டும் அனுப்பிடுங்க. லெட்டர் ரெடியா இருக்கு. நான் கிளம்பணும், கேப் நிக்குது."

திரையை எரியவிட்டால் மூலையில் அவர் பெயர் இருக்கும்.

எரியவிடாவிட்டால் ஒன்றுமே இருக்காது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். திரைக்கு நேரே போய் நின்று போனை உயர்த்தினார்.

எடுத்த படத்தைப் பார்த்தார். கரிய கண்ணாடியில் பையோடு ஒரு ஆள். கண்ணுக்குக் கீழே இரண்டு குழிகள்.

சற்றே ஒதுங்கி நின்று, இன்னொன்று எடுத்தார்.