ஆஜராகாதவர்

பாளையங்கோட்டை பியூலாவின் மடிக்கணினிக்குப் பதினொரு வயது. லேசான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டிருந்ததால் ஆறே நொடியில் திறந்துகொள்ளும். பதிப்பகங்களுக்குப் பிழைதிருத்தித் தருவதும் அதில்தான். நீதிமன்றங்கள் எல்லாம் திரைக்கு மாறிவிட்டதால், மகள் யாரிடம் வளர்வது என்ற விசாரணைக்கும் அன்று காலை அதன் முன்தான் உட்கார்ந்தாள்.

நீதிபதியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு கட்டத்தில் கணவன் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான். பியூலாவின் கட்டத்தில் மட்டும் முகத்துக்குப் பதிலாக ஒரு வரி இருந்தது: "அங்கீகரிக்கப்படாத இயங்குதளம். பார்க்கலாம், பேச இயலாது."

"மனுதாரர் பியூலா இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். இங்கதான் இருக்கேன்."

நீதிபதி மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் அவள் பதில் சொன்னாள். மனுதாரர் ஆஜராகவில்லை என்று பதிந்து, மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டு, நீதிபதி அடுத்த வழக்குக்குப் போனார்.

நீதிமன்ற உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க மெஷின் ரிப்பேரா மேடம்?"

"இல்ல. நல்லாத்தான் ஓடுது. உங்க ஆளுங்கதான் அத ஒத்துக்க மாட்டேங்காங்க."

"ரிப்பேர்னு கடையில எழுதி வாங்கிக் குடுத்தா கேஸ திரும்ப எடுத்துக்குவாங்க. நல்லா ஓடுற மெஷினுக்கு ஃபார்மே கிடையாது மேடம்."

பியூலா போனை வைத்தாள். மடிக்கணினியின் மூடியில் மகள் ஒட்டியிருந்த யானைப் படத்தைக் கிழியாமல் உரித்தெடுத்துச் சுவரில் ஒட்டினாள். பிறகு மடிக்கணினியைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தாள்.