மேகலாவின் தெரு

துப்புரவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள், டீ குடிக்கப் போன அஞ்சலையின் கண்ணில் ஒரு நாணயம் மின்னியது. தெருவைக் கூட்டுகிறவருக்குத்தான் அதில் கிடக்கிற காசு என்பது துடைப்பம் பிடித்தவர்களின் வழக்கம். முப்பது வருடம் அவள் கூட்டிய தெரு அது. குனியப் போனவள் நிமிர்ந்து, காசின்மேல் காலை வைத்து நின்றுகொண்டாள்.

"இங்க பஸ் நிக்காதும்மா" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறியது.

அவள் இடத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த மேகலா தெருவைக் கூட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். "கால எடுக்கா."

எடுத்தாள்.

மேகலா காசைப் பார்த்தாள். "நீயே எடுத்திருக்கலாம்லக்கா?"

"ஒண்ணா பத்தான்னுகூடப் பாக்கலடி. இப்ப இது உன் தெருவாச்சே."

அஞ்சலை டீக்கடைப் பக்கம் நடந்தாள். துடைப்பம் இல்லாத கைகள் இரண்டும் தாமாகவே வீசின.