ஜெபத்தின் பிற்பாதி

அந்த அயர்லாந்துக் கிராமத்தில் பழைய ஐரிஷ் மொழியில் ஜெபிக்க டோனலையும் அவர் மனைவி பிரிஜித்தையும் விட்டால் ஆளில்லை. தினமும் அவர் ஜெபத்தின் முற்பாதியைச் சொல்வார். அவள் பிற்பாதியை இழுத்து இழுத்துச் சொல்வாள். "சீக்கிரம் முடியேன்டி" என்று அவர் எரிந்து விழுவார்.

இன்று பிரிஜித் நடுவீட்டில் சவப்பெட்டிக்குள் கிடந்தாள். வீடு நிறைய ஆட்கள். டோனல் ஜெபமாலையை எடுத்து, முற்பாதியை ஐரிஷில் சொல்லி நிறுத்தினார். பதில் தெரியாமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மகன் ஓவன் அவர் காதருகே குனிந்தான். "அப்பா, இங்கிலீஷ்ல சொல்லுங்க. நாங்களும் சேந்துக்கிறோம்."

பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை உயர்த்தி அவனைத் தடுத்தார் டோனல்.

"பொறுடா. அவ இன்னும் முடிக்கல."