தொண்டை அடைக்க வேண்டிய இடம்

"இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க சார். தொண்டை அடைக்கணும்," என்றார் ரைட்டர்.

மந்திரி தாளை எட்டப் பிடித்துக்கொண்டு மறுபடி வாசித்தார். "தூக்கமில்லாமல் லாரி ஓட்டி உயிரை விட்ட அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லும்போதே..." தொண்டை அடைக்கவில்லை, ஏப்பம்தான் வந்தது. நேற்றைய விருந்து அப்படி.

விருந்து வைத்தது லாரி முதலாளிகள் சங்கம். மந்திரியின் தேர்தல் நிதிக்கு வசூல் பண்ணிக் கொடுத்ததும் அவர்கள்தான். டிரைவர்களுக்குக் கட்டாய ஓய்வு தர வேண்டும் என்ற சட்டம் இன்று சபைக்கு வருகிறது. அது நிறைவேறக் கூடாது, அவ்வளவுதான். மந்திரியின் பேச்சைச் சங்கமே எழுதிக் கொடுத்துவிடும். அதற்கென்று வைத்திருக்கும் ஆள்தான் ரைட்டர்.

சங்கத் தலைவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எங்கயும் முடியாதுன்னு வரலியே?"

"வரலீங்க. 'குழு அமைத்து ஆராய்வோம்'னு போட்டிருக்கேன்."

தலைவருக்கு வாயெல்லாம் பல். குழுவுக்குப் போன சட்டம் எது திரும்பி வந்திருக்கிறது? "இத உன்னை விட்டா வேற யாராலயும் எழுத முடியாதுய்யா!"

ரைட்டர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாகவே மனுஷனுக்கு எதுவும் உறைப்பதில்லை. திட்டினாலும் சரி, தட்டிக்கொடுத்தாலும் சரி, மரக்கட்டை மாதிரி நிற்பார். இந்த வயதில் வேலை போனால் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற பயம் மட்டும் பாக்கி இருந்தது.

மந்திரிக்கு இன்னொரு கவலை. "செத்துப்போனவனோட அம்மா, அவன் படத்தைப் பிடிச்சுக்கிட்டு தினம் வாசல்ல நிக்குதே, சட்டம் வந்தே ஆகணும்னு. நான் வெளிய வர்றப்போ கேமரா முன்னாடி கத்திக் கித்தி வெச்சா?"

"இன்னிக்கு வராதுங்க. முட்டி வீங்கிப் போச்சு, நடக்க முடியல."

"பலே! எல்லாத் தகவலும் கையில வெச்சிருக்கியே."

ரைட்டர் அதைக் காதில் வாங்கவில்லை. "பேரைச் சொல்றதுக்கு முன்னாடி எச்சில் முழுங்குங்க சார். தானா அடைக்கும்," என்று சொல்லி, அவரே ஒரு தடவை செய்து காட்டினார்.

மந்திரி அசந்துபோனார். "அடேயப்பா! நீ நடிக்கப் போயிருக்கலாம்யா."

மதியம் சபையில் எல்லாம் சொல்லிவைத்தபடி நடந்தது. மந்திரி நிறுத்தினார், முழுங்கினார், தொண்டை அடைத்தது. எதிர்க்கட்சிக்காரர்கள்கூடக் கப்சிப். சட்டம் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

தலைவர் ரைட்டரின் முதுகில் தட்டினார். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுய்யா."

ரைட்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி.

"பாத்தீங்களா, நம்ம புள்ள பேரைச் சொல்றப்போ மந்திரிக்கே தொண்டை அடைச்சுப் போச்சு!"