கேட்டில் அடித்த சல்யூட்

“ஊசியெல்லாம் வேண்டாம்மா,” என்றார் தாணுலிங்கம்.

கன்டெய்னர் யார்டு கேட்டில் இருபது வருடமாகக் காவல் நிற்பவர். நுரையீரலில் புற்று. நோய் தெரிந்தபின் ஆஸ்பத்திரிப் பக்கமே வராத அவரைத் தேடி, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஷஃபீகா காவல் அறைக்கே வந்திருந்தாள்.

“அண்ணாச்சி, ஒடம்புலயும் காவல் செல்லு உண்டு. புற்று செல்லு தன் மேல ஒரு புரதத்தை மாட்டிக்கிட்டு நிக்கும். அதைப் பார்த்ததும் காவல் செல்லு, நம்ம ஆளுன்னு விட்டுரும். அப்படித்தான் வளந்து பரவுது. இந்த ஊசி அந்தப் புரதத்தை மறைச்சிரும். பெறவு காவல் செல்லு மடக்கிப் புடிச்சிரும்.”

“மாட்டியிருக்கதைப் பார்த்து ஏமாற, காவக்காரன் என்ன கூமுட்டையா? என் கேட்டுல ஒருத்தன் அப்படி நுழையட்டும் பாப்போம்!”

“என்னைய யாரு உள்ள விட்டா?”

“நாந்தான். கழுத்துல நீல நாடாவுல அட்டை தொங்குச்சு. ஆபீஸ் ஆளுன்னு சல்யூட் வேற அடிச்சேன். பெறவுதான நர்ஸுன்னு சொன்ன?”

ஷஃபீகா அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அது பள்ளிக்கூட அட்டை. இரட்டைப் பின்னலும் ஓட்டைப் பல்லுமாக அவள் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். யு.கே.ஜி., ‘பி’ பிரிவு.

தாணுலிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஊசி என்னைக்கும்மா போடணும்?”