வெங்காய வண்டியின் குரல்

“கார்டு செத்துப்போச்சுக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல.”

விழுப்புரம் செல்போன் கடையில் கடைக்காரன் குமரேசன் மெமரி கார்டைத் திருப்பிக் கொடுத்தான்.

“இன்னொரு வாட்டி பாருப்பா,” என்று கெஞ்சினாள் பொன்னி. அவள் கணவன் இனியவன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

“உங்க வெங்காய வண்டி ரெக்கார்டிங்தானே? எங்க தெருவுக்கும் வருமே! கிழவி மாதிரி, கொழந்தை மாதிரி, சிங்கம் மாதிரி... ஸ்பீக்கர்ல கூவுறது எல்லாம் ஒரே ஆளா?”

“இவருதான். குயிலாப்பாளையத்துல ராக் பேண்டுல பன்னெண்டு வருஷம் பாடினாரு. தெனம் ஒரு புதுக் குரல் தேடிக்கினே இருப்பாரு. அங்க தங்கியிருக்கிற வெள்ளைக்காரங்க எழுந்து நின்னு கை தட்டுவாங்க. அந்தப் பாட்டுங்களும் இந்த ஒரு கார்டுலதான் இருந்துச்சு.”

“ஆளே பக்கத்துல நிக்கிறாரு, கார்டுக்குப் போயி பேஜாராவுறீங்களே! அண்ணே, ஜல்தியா ஒண்ணு எடுத்து விடுங்க. என் போன்லயே புடிச்சிக் குடுத்துடறேன்.”

“இல்லப்பா, அது வந்து...” என்றாள் பொன்னி.

குமரேசன் அதற்குள் ரெக்கார்டரைப் போட்டுப் போனை நீட்டிவிட்டான். “என்னண்ணே, எங்க கடையில பாடினா கௌரவம் கொறைஞ்சிடுமா?”

இனியவன் துண்டை அவிழ்த்தான். போன ஆடியில் புற்றுநோய்க்காக அறுத்த தொண்டையில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாக மூச்சு ‘உஸ்’ஸென்று வந்து போனது.

நீட்டிய போன் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தது.