சுவரில் ஒரு கீறல்

"டாக்டரம்மா, இது உங்க ஆஸ்பத்திரி இல்ல. படியில ஒருத்தர் குரல்தான் கேட்கணும். அது என் குரல்!"

நாலாவது மாடி வாசலில், ஆளைவிட நீளமான மரப்பலகையில் படுத்தபடி அவ்ரேல் அதட்டினார். பலகையின் நாலு மூலையிலும் நாலு பேர். டாக்டர் ஸ்மரந்தா, நர்ஸ் வியோரிகா, பிசியோதெரபிஸ்ட் ரெமுஸ், பாதிரியார் எமிலியான். இனிக் குணமாகாது என்று ஆனவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் குழு அது.

அவ்ரேல் நாற்பது வருஷம் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கியவர். பீரோவோ பியானோவோ, சுவரில் ஒரு கீறல் விழாமல் இறக்குவார் என்று பிரஷோவ் நகரமே சொல்லும். லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டடத்தில் நாலு மாதமாக அவரே மேலே மாட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை முற்றத்துக்கு இறங்க வேண்டும், மரத்தடியில் பழைய கூட்டாளிகளோடு ஒரு ஆட்டம் பகடை உருட்ட வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"நாற்காலியில உட்காரவச்சிருந்தா ரெண்டு பேரே போதும்ணே," ரெமுஸ் முணுமுணுத்தான்.

"நாற்காலியில போக நான் என்ன மந்திரியா? பலகைதான். ஃபாதர், நீங்க உயரம். தம்பியோட கீழ்ப்பக்கம் போய்த் தோள்ல ஏத்துங்க. அம்மா ரெண்டு பேரும் மேல்பக்கம், குனிஞ்சு பிடிங்க. பலகை மட்டமா வரணும். கால் முன்னால!"

வியோரிகாவுக்குச் சுருக்கென்றது. "கால் முன்னால வேண்டாம்ணே. அது... செத்தவங்களைக் கொண்டுபோற முறை."

"கால் முன்னால போனாத்தான் எனக்குப் படி தெரியும். தெரிஞ்சாத்தானே கத்த முடியும்?"

ஸ்மரந்தா கடிகாரத்தைப் பார்த்தார். "வலி மருந்து குடிச்சு அரை மணி ஆச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும். கிளம்பலாம்."

"ஒண்ணு... ரெண்டு... ஃபாதர், மூச்சை அடக்காதீங்க! டாக்டரம்மா, முதுகை இல்ல, முழங்காலை மடக்குங்க!"

"இதைத்தான் நான் தினமும் சொல்றேன்," என்றான் ரெமுஸ்.

"நீ சொன்னா யாரு கேட்கறா?" என்றார் அவ்ரேல்.

பாதிரியார் குலுங்கிச் சிரித்தார். பலகையும் குலுங்கியது.

"சிரிக்காதீங்க ஃபாதர், நான் விழுந்தா உங்களுக்குத்தான் வேலை!"

மூன்றாவது மாடித் திருப்பத்தில் பலகையின் முனை சுவரை உரசியது. சுண்ணாம்பு உதிர்ந்தது.

"நிறுத்துங்க!" என்றாள் வியோரிகா. "அண்ணன் புருவம் சுருங்குது."

பலகையைப் படிக்கட்டுக் கைப்பிடிமேல் தாங்கிப் பிடித்தார்கள். ரெமுஸ் தன் கம்பளிச் சட்டையைச் சுருட்டி அவர் இடுப்புக்கு அண்டை கொடுத்தான்.

"வலிக்குதா?" என்றார் ஸ்மரந்தா.

"வலி இல்லம்மா. சுவரைப் பாருங்க, கீறிட்டீங்க!"

பதினாலு நிமிஷத்தில் முற்றம். கூட்டாளிகள் எழுந்து கைதட்டினார்கள். பாதிரியாரின் அங்கி வியர்வையில் ஒட்டியிருந்தது. டாக்டரின் வெள்ளைக் கோட்டில் மாடிப்படி அழுக்கெல்லாம்.

"நாற்பது வருஷத்துல எத்தனையோ பேரைப் பழக்கியிருக்கேன்," என்றார் அவ்ரேல், கூட்டாளிகளுக்கும் கேட்கும்படி. "முதல் தடவையிலேயே இப்படி இறக்கினவங்க கிடையாது. இவங்க என் ஆளுங்க!"

பட்டம் வாங்கிய அன்றுகூட ஸ்மரந்தாவின் முகம் அப்படி மலர்ந்ததில்லை. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டார்கள்.

ஒரு ஆட்டம் ஆடினார். ஜெயித்தார். பிறகு நாலு பேரையும் கிட்டே கூப்பிட்டார்.

"கூட்டாளிங்க எல்லாருக்கும் இடுப்பு போச்சு, அவங்களால முடியாது. யாரை நம்பறதுன்னு நாலு மாசமா யோசிச்சேன். இன்னைக்குக் கவலை விட்டுது. அந்த மூணாவது மாடித் திருப்பத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க."

"அடுத்த தடவை சுவர்ல படாது அண்ணே," என்றான் ரெமுஸ்.

"படக் கூடாது தம்பி. அன்னைக்கு நான் கத்த மாட்டேன். தச்சன்கிட்ட அளவு கேட்டுட்டேன், பெட்டி இந்தப் பலகையைவிட நாலு விரல் அகலம்."